4 அடி ரீஃப் டேங்க்: வேவ்மேக்கர் எத்தனை, எங்கே?

சிங்கை_அலை

எல்லோருக்கும் வணக்கம். என் ரீஃப் டேங்க், அதாவது கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி, 120 × 60 × 50 செ.மீ., கீழே சம்ப் (நீரை வடிகட்டும் துணைத்தொட்டி). கல்லும் மணலும் போக ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் இருக்கும். பவளங்கள் கலவைதான். இடப்பக்கம் ஒரு லெதர், நடுவில் டார்ச்சும் ஹாமரும், வலப்பக்கம் உச்சியில் இரண்டு அக்ரோபோரா, பக்கத்தில் ஒரு மான்டிபோரா, கீழே மணலையொட்டி ஜோவா.

வேவ்மேக்கராக (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) இப்போது ஓடுவது சாதாரண ஏசி பவர்ஹெட் இரண்டு. ஒவ்வொன்றும் மணிக்கு 6000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இடக் கண்ணாடியில் ஒன்று, வலக் கண்ணாடியில் ஒன்று. இரண்டும் நடு உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன.

முன்பக்கம் மணல் குழிந்து அடிக்கண்ணாடியே தெரிகிறது. பின்னால் இடது மூலையில், கல்லுக்குப் பின்னே, சயனோ (சயனோபாக்டீரியா) சிவப்புப் படலமாகப் படிகிறது. உறிஞ்சி எடுத்தாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. டார்ச் ஒரு பக்கம் மட்டும் விரிகிறது, மறுபக்கம் சுருங்கியே கிடக்கிறது.

அக்ரோபோரா வைத்தால் மணிக்குக் கொள்ளளவைப் போல 60 மடங்கு ஓட்டம் வேண்டும் என்று பல இடங்களில் படித்தேன். அப்படியானால் 18,000 லிட்டர். வோர்டெக் எம்பி40 பம்ப் இரண்டு வாங்கலாமா, அல்லது உருளை சுழலும் கைர் பம்ப் ஒன்று போதுமா? பணம் போடுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

உப்புக்காற்று

எம்பி40 ஒன்றே முழு வேகத்தில் மணிக்கு 17,000 லிட்டர் தள்ளும். இரண்டு வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓட்டுவீர்கள். அதில் தப்பில்லை. பெரிய பம்ப் மெதுவாக ஓடினால் சத்தமும் குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் இப்போது 12,000 லிட்டர் ஓடும்போதே மணல் பறக்கிறது என்கிறீர்கள். 34,000 லிட்டருக்குப் போய் என்ன ஆகப்போகிறது? பம்பின் அளவைவிட வைத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நெய்தல்

எண்ணை அப்புறம் பார்ப்போம் தம்பி. முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். கல்லுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? கல் எந்த உயரம் வரை போகிறது? மணல் எவ்வளவு பொடி? சம்ப்பிலிருந்து வரும் ரிட்டர்ன் வாய் எங்கே இருக்கிறது?

சிங்கை_அலை

இடப்பக்கம் கல் பின் கண்ணாடியிலேயே சாய்ந்திருக்கிறது அக்கா. வலப்பக்கம் நாலு விரல் இடம் இருக்கும். உயரம் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரை. மணல் சர்க்கரை போலப் பொடி. ரிட்டர்ன் பின் வலது மூலையில், மேல்மட்டத்தில். ரிட்டர்ன் பம்ப் 3000 லிட்டர்.

நெய்தல்

சரி, இப்போது படம் தெரிகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 60 மடங்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பம்ப் எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது பவளத்துக்குத் தெரியாது. தன் தசைமேல் தண்ணீர் என்ன வேகத்தில், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். ஒரே 6000 லிட்டரைச் சின்ன வாயால் பீய்ச்சினால் ஒரு முனையில் பவளத்தின் தசை கிழியும், மறு முனையில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதையே அகலமான விசிறியால் தள்ளினால் தொட்டி முழுக்க மெல்ல நகரும். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எண்தான் போட்டிருக்கும். ஜெர்மனியின் டூன்ட்சே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ரீம் பம்புகளைக் கொண்டுவந்தபோது ரீஃப் வளர்ப்பே மாறியதற்குக் காரணம் இதுதான். அதற்கு முந்தைய பவர்ஹெட்டுகள் குறுகிய வாயால் பீய்ச்சின. இவை அகன்ற விசிறியால் தள்ளின, மின்சாரமும் குறைவாகத்தான் இழுத்தன.

ஓட்டம் ஏன் வேண்டும் என்பதிலிருந்து பாருங்கள். பவளத்தின் மேல் ஒட்டினாற்போல நகராத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஆக்சிஜனும் உணவும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கழிவும், பவளத்துக்குள் வாழும் பாசி பகலில் உண்டாக்கும் கூடுதல் ஆக்சிஜனும் அதைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். வேகம் கூடினால் படலம் மெலியும். ஒகினாவாவில் 1998 பவள வெளுப்புக்கு (நீர் சூடாகிப் பவளம் நிறமிழப்பது) பிறகு அக்ரோபோரா டிஜிடிஃபெராவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெப்பம் கூடிய நீரில், நொடிக்கு 2-3 செ.மீ. ஓட்டத்தில் வைத்தவை மடிந்தன. 50 செ.மீ.க்கு மேல் ஓட்டத்தில் வைத்தவை தாக்குப்பிடித்தன. அந்த வேகம் நம் தொட்டிக்கு வேண்டியதில்லை. ஆனால் நிற்கும் நீர் என்ன செய்யும் என்பது அதில் தெரிகிறது.

உங்கள் தொட்டியில் நடப்பதைச் சொல்கிறேன். இரண்டு பம்பும் நடு உயரத்தில் எதிரெதிரே பீய்ச்சுகின்றன. இரண்டு ஓட்டமும் நடுவில் மோதி கீழே இறங்குகின்றன, அதுதான் மணலைக் குடைகிறது. மோதும் இடத்தில்தான் டார்ச் இருக்கிறது. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அடி வாங்குவதால் அந்தப் பக்கம் விரிய மாட்டேன் என்கிறது. டார்ச்சும் ஹாமரும் யூஃபிலியா குடும்பம். அவற்றின் எலும்பு விளிம்பு கூர்மையானது. தசையைத் தண்ணீர் அதன்மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் கிழிந்துவிடும், அப்புறம் பழுப்புக் கூழாக அழுகும். இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கல்லுக்குப் பின்னே தண்ணீரே போவதில்லை. கழிவு அங்கே படிகிறது, சயனோவுக்குத் தினமும் சாப்பாடு கிடைக்கிறது. ஓட்டத்தை மாற்றினால் மட்டும் சயனோ போய்விடாது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓட்டத்தை மாற்றாமல் அது போகவே போகாது.

இனி செய்ய வேண்டியது. இடப்பக்கக் கல்லை பின் கண்ணாடியிலிருந்து 8-10 செ.மீ. முன்னால் இழுங்கள். இரண்டு பம்பையும் அதே பக்கக் கண்ணாடிகளிலேயே விட்டுவிட்டு, பின்பக்க மூலைக்குத் தள்ளுங்கள். உயரம் மேல் மூன்றில் ஒரு பங்கில். முகம் பின் கண்ணாடிக்கு இணையாக, ஒரு துளி மேல்நோக்கி இருக்கட்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். இடப்பக்கப் பம்ப் ஓடும்போது தண்ணீர் கல்லுக்குப் பின்னால் வலப்பக்கம் போய், வலக் கண்ணாடியில் திரும்பி, முன்பக்கமாக இடது நோக்கி அகலமாக, மெதுவாக வரும். தொட்டி முழுவதும் ஒரே சுழற்சியாகிவிடும். 6 மணி நேரம் கழித்து அதை நிறுத்தி வலப்பக்கத்தை ஓட்டினால் சுழற்சி அப்படியே எதிர்த்திசைக்கு மாறும். எல்லாப் பவளத்துக்கும் இரண்டு பக்கமும் தண்ணீர் கிடைக்கும்.

ஒன்றைப் பின்னாலும் இன்னொன்றை எதிர் மூலையில் முன்னாலும் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் சுழற்சி வலுவாக வரும், ஆனால் எந்தப் பம்ப் ஓடினாலும் ஒரே திசைதான். காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். திசை மாற வேண்டுமானால் இரண்டும் பின்னால், அல்லது இரண்டும் முன்னால் இருக்க வேண்டும்.

இதற்குப் புதிய பம்ப் வேண்டியதில்லை. இருக்கும் இரண்டுக்கும் தலா ஒரு டைமர் சாக்கெட் போதும். ஏசி பம்பைச் சில நொடிகளுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் விசிறி சீக்கிரம் தேயும். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு என்ன வாங்கலாம் என்று பேசுவோம்.

பாக்நீரிணை

மண்டபத்துப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் தொட்டி வைத்ததில்லை. ஆனால் கடலுக்குள் இறங்கிப் பவளத்தைப் பார்த்து வளர்ந்தவன். நெய்தல் அக்கா சொல்லும் திசைமாற்றம் இங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

மன்னார் வளைகுடாவை எங்கள் பக்கம் ஆண் கடல் என்பார்கள், பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் அடிக்கும்போது ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடை தொடங்கினால் பெண் கடல் கலங்கும், ஆண் கடல் தெளியும். மீன்பிடிப்பவர்கள் அதற்கேற்பக் கடல் மாறுவார்கள். பவளம் எங்கே மாறும்? ஆறு மாதம் ஒரு திசை, ஆறு மாதம் வேறு திசை என்று அது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குள்ளே ஏற்றவற்றம் தினமும் நீரை இழுத்து மாற்றுகிறது. அதற்கும் உள்ளே ஒவ்வொரு அலையும் நீரை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கிறது. கடலில் ஒரே திசையில் நாள் முழுக்க ஓடும் தண்ணீரை ரீஃபில் நான் பார்த்ததே இல்லை.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் கரைக்கு ஏறக்குறைய இணையாக வரிசையாகக் கிடக்கின்றன. தீவின் கடல் பார்த்த பக்கம் அலை நேராக வருகிறது. கரை பார்த்த பக்கம் அமைதி, ஆனால் வண்டல் படியும். அலை படும் பக்கத்தில் கிளை கிளையான அக்ரோபோரா தெளிவாக நிற்கும். வண்டல் பக்கத்தில் போரைட்டிஸ் போன்ற திரண்ட பாறைப் பவளங்கள் தாக்குப்பிடிக்கும். உங்கள் தொட்டியில் எதை எங்கே வைப்பது என்பதற்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல் பவளங்கள் எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. உயிருள்ளதோ செத்த கல்லோ, கடலிலிருந்து எடுக்கவே கூடாது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தின் வடு இங்கே இன்னும் ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

உப்புக்காற்று

பாக்நீரிணை அண்ணா சொன்னதால் நானும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் என் தொட்டியில் மீனும் கடற்பாசியும் மட்டும்தான், பவளம் இல்லை. ஆனால் ஓட்டம் மீனுக்கும் வேண்டும். சர்ஜன் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால்தான் சுறுசுறுப்பாக இருக்கின்றன.

ஸ்காபரோ ரீஃப்

நெய்தல் சொன்னது நல்லம். ஆனால் கைர் பம்பை ஒரேயடியாகத் தள்ளிவிடாதேங்கோ. மேக்ஸ்பெக்ட் 2014 வாக்கில் கைரைக் கொண்டுவந்த பிறகு நான் அதைத்தான் பாவிக்கிறேன். விசிறிக்குப் பதிலாக நீளமான உருளை சுழலும். தண்ணீர் ஒரு தகடு மாதிரி அகலமாக வரும். பக்கக் கண்ணாடியில் மேலே கிடையாக வைத்தால் மேற்பரப்பை ஒட்டியே மறுகரைக்குப் போய், கீழே இறங்கி, மணலை மெல்லத் தடவிக்கொண்டு திரும்பி வரும். ஓர் இடத்தில் மட்டும் அடிக்காது. திசையை அதுவே மாற்றும் வகைகளும் உண்டு. 4 அடித் தொட்டிக்கு ஒன்று போதும். தம்பி, யோசித்துப் பாருங்கோ.

நெய்தல்

கைரை நானும் மதிக்கிறேன் அண்ணா. உங்கள் தொட்டியில் கல் தாழ்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தகடு தடையில்லாமல் மறுகரை வரை போனால்தான் சுற்று முழுமையாகும். தம்பியின் கல் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரை நிற்கிறது, உச்சியில் அக்ரோபோரா வேறு. அது வளர வளரத் தகட்டைக் குறுக்கே வெட்டும். கீழே திரும்பி வரும் ஓட்டம் அந்தச் சர்க்கரை மணலையும் விடாது. கைரின் இரண்டு முனையிலும் உருளையைத் தாங்கும் புஷ் தேயும், உருளையில் சுண்ணாம்பு ஏறினால் ஓட்டம் மளமளவென்று குறையும். அடிக்கடி கழற்றிக் கழுவும் பழக்கம் உள்ளவருக்கு அது நல்ல பம்ப்.

ஸ்காபரோ ரீஃப்

சரிதான், என்னுடைய கல் இரண்டு தாழ்ந்த தீவுகள். நடுவில் வெளி. கழுவுவதும் மாதாமாதம் செய்கிறேன். கல் உயர்ந்து நிற்கும் தொட்டிக்கு நீங்கள் சொன்னதுதான் பொருத்தம்.

சிங்கை_அலை

எல்லோருக்கும் நன்றி. கல்லை முன்னால் இழுத்துவிட்டேன், பம்புகளும் பின் மூலைக்குப் போய்விட்டன. இன்னும் சில சந்தேகம். வேகம் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளப்பது? ரிட்டர்ன் பம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? அக்ரோபோராவுக்குப் பக்கத்தில் வலப்பக்கப் பம்ப் இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கலாம்?

நெய்தல்

உறைந்த மைசிஸை (மீனுக்குப் போடும் குட்டி இறால் போன்ற உணவு) தொட்டித் தண்ணீரில் கரைத்து, பம்பின் முன்னால் ஒரு பாஸ்டரால் (அமுக்கினால் உறிஞ்சிப் பீய்ச்சும் நீளக் குழல்) கொஞ்சம் விடுங்கள். முன்கண்ணாடியில் 60 செ.மீ. தூரத்துக்கு இரண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு துணுக்கைக் கண்ணால் தொடர்ந்து, முதல் டேப்பிலிருந்து இரண்டாவதுக்கு வர எத்தனை நொடி என்று பாருங்கள். 6 நொடி என்றால் வேகம் நொடிக்கு 10 செ.மீ. அக்ரோபோரா பகுதியில் இதைவிடக் கூடுதலாகவும், ஜோவா, டார்ச் பக்கம் குறைவாகவும் இருக்கட்டும். துணுக்குகள் எங்கே சுழன்று நிற்கின்றன, எங்கே விழுந்து தங்குகின்றன என்பதையும் கவனியுங்கள். எனக்கு எண்ணைவிட அதுதான் முக்கியம்.

பவளமே இன்னும் நன்றாகச் சொல்லும். டார்ச்சின் விரல்கள் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கணம் தளர்ந்து, திரும்பி வர வேண்டும். சாய்ந்தபடியே ஒட்டிக் கிடந்தால் ஓட்டம் அதிகம். லெதருக்கு நேர்மாறான சிக்கல். அது அவ்வப்போது மூடிக்கொண்டு மெழுகு போன்ற தோலை உரிக்கும், ஓட்டம் போதாவிட்டால் தோல் போகாமல் அதன்மேல் பாசி பிடிக்கும். அதற்கு நல்ல ஓட்டம் கொடுங்கள். அக்ரோபோராவில் பம்பைப் பார்த்த பக்கம் மட்டும் தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால், அது நேரடியாக அடி வாங்குகிறது என்று அர்த்தம். உங்கள் பம்புக்கு முன்னால் குறைந்தது ஒன்றரைச் சாண் தூரத்துக்கு எந்தப் பவளமும் வேண்டாம். பின் கண்ணாடியை ஒட்டி அடிப்பதால் அக்ரோபோரா ஓட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கும், பயமில்லை.

ரிட்டர்ன் பம்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சம்ப்புக்குக் கொள்ளளவைப் போல மணிக்கு 3 முதல் 5 மடங்கு போனால் போதும். பெட்டியில் உள்ள 3000 லிட்டர் என்பது உயரமே இல்லாமல் அளந்தது. ஒன்றேகால் மீட்டர் ஏறி இரண்டு எல்போ தாண்டினால் பாதிகூட வரலாம். ரிட்டர்ன் வாயில் ஒரு குழாயைச் செருகி 10 லிட்டர் பக்கெட்டை நிரப்பிப் பாருங்கள். 24 நொடியில் நிரம்பினால் 1500 லிட்டர், உங்களுக்கு அது போதும். ரிட்டர்ன் வாய் நீருக்குள் ஆழமாக இருக்கக் கூடாது. கரண்ட் போனால் அந்த ஆழம் வரை தொட்டித் தண்ணீர் சைஃபன் ஆகி சம்ப்புக்கு இறங்கிவிடும். ஒரு தடவை பம்பை நிறுத்திவிட்டு சம்ப் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பம்பின் முகத்தை மேல்நோக்கி வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நீர்ப்பரப்பு சுருண்டு அலைந்தால்தான் வாயுப் பரிமாற்றம் நடக்கும், எண்ணெய்ப் படலமும் ஓவர்ஃப்ளோவுக்கு (சம்ப்புக்கு நீர் வழியும் வாய்) போகும். ஆனால் பரப்புக்கு மிக அருகில் வைத்தால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும், தொட்டி முழுக்கப் பொடிக் குமிழியாகும். சுழி நிற்கும் வரை விரல் விரலாகக் கீழே இறக்குங்கள்.

இன்னொன்று. பம்ப் காந்தத்தை நகர்த்தும்போது கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் நிரந்தரக் கீறல் விழும். எடுத்துக் கழுவிவிட்டு வையுங்கள், இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

உப்புக்காற்று

மணலை மாற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சர்க்கரை மணல் இருக்கும் வரை ஓட்டத்தைக் கூட்ட முடியாது. 1-2 மி.மீ. அளவுள்ளதற்கு மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கிளறாமல் பகுதி பகுதியாக எடுங்கள்.

சிங்கை_அலை

கொஞ்ச நாள் பொறுத்து எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

டார்ச் இப்போது சுற்றிலும் விரிகிறது. பம்ப் மாறும் நேரத்தில் விரல்கள் எல்லாம் ஒரு நிமிடம் நேராக நின்று, பிறகு மெதுவாக மறுபக்கம் சாய்கின்றன, பார்க்க அவ்வளவு அழகு. பின் மூலை சயனோ மெலிந்துவிட்டது, முழுதும் போகவில்லை. மணல் குழிவு நின்றுவிட்டது.

ஆனால் முன் வலது மூலையில் இப்போது கழிவு குவிகிறது. முன்பு அங்கே இல்லை. வேறு ஏதாவது பம்ப் அங்கே வைக்கவா?

நெய்தல்

வைக்க வேண்டாம். எந்த ஓட்டமும் கழிவை எங்கேயாவது கொண்டுபோய்ப் போடத்தான் செய்யும். முன்பு கல்லுக்குப் பின்னே, கை நுழையாத இடத்தில் போட்டது. இப்போது முன்கண்ணாடி ஓரத்தில், குழாய் எட்டும் இடத்தில் போடுகிறது. தண்ணீர் மாற்றும்போது அங்கேயே குழாயை வைத்து உறிஞ்சுங்கள். நடுநடுவே கற்களின் இடுக்குகளில் பாஸ்டரால் ஊதிவிட்டால் மிச்சமும் அங்கே வந்து சேரும்.

இனி வாங்கும் பேச்சுக்கு வரலாம். இரண்டு ஏசி பம்ப் மாறி மாறி ஓடுவதில் குறை ஒன்றுதான், அலை இல்லை. வேகத்தை ஏற்றி இறக்கும் டிசி பம்ப் இரண்டு வாங்கினால், ஓய்வில் இருக்கும் பம்பைக்கூட 20 சதவீதத்தில் விட்டு வைக்கலாம், ஓடுவதில் ஏற்ற இறக்கம் கொடுக்கலாம். இரண்டு எம்பி40 உங்களுக்குத் தேவையில்லை. நீரோ 3 என்ற டிசி பம்ப் மணிக்கு ஏறக்குறைய 7,500 லிட்டர் வரை போகும், வோர்டெக்கின் சின்ன வகையான எம்பி10 5,700 வரை போகும். ஜேபாவோவின் இதே அளவு பம்புகள் இவற்றைவிட மலிவு. இரண்டு 7,500 என்றால் பவளம் வளர்ந்த பிறகும் போதும்.

எதை எடுப்பது என்பது வேறு விஷயங்களைப் பொறுத்தது. வோர்டெக்கில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கும், உள்ளே விசிறி மட்டும்தான். தொட்டிக்குள் கேபிள் இல்லை, மோட்டாரின் சூடும் பெரும்பாலும் வெளியிலேயே போய்விடும். சிங்கப்பூர் வெயிலில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) ஓட்டும் நமக்கு அது கொஞ்சம் மிச்சம். ஆனால் பக்கக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடம் வேண்டும், கண்ணாடித் தடிப்பும் பொருந்த வேண்டும். எம்பி40 19 மி.மீ. வரை தாங்கும், எம்பி10 மெல்லிய கண்ணாடிக்கானது. சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் உள்ளே மூழ்கும் வகைதான் வசதி.

சிங்கை_அலை

இடப்பக்கம் சுவர் ஒட்டித்தான் இருக்கிறது அக்கா. அப்படியானால் மூழ்கும் வகைதான். பம்பைப் பல்ஸ் மோடில் (விட்டுவிட்டுத் தள்ளும்படி) வைத்தால் அலை அடிக்கும் என்கிறார்களே, அது தொட்டிக்கு நல்லதா?

நெய்தல்

பவளத்துக்கு நல்லது. முன்னும் பின்னுமாக ஆடும் நீர், ஒரே திசையில் ஓடும் நீரைவிட அந்த நகராத படலத்தை நன்றாக மெலிய வைக்கும். பாக்நீரிணை தம்பி சொன்ன அலை அதுதான்.

ஆனால் அளவு தெரிந்து செய்யுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட நேரம் உண்டு. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. நீர் என்றால் ஏறக்குறைய 1.3 முதல் 1.4 நொடி வரும். பல்ஸ் அந்த நேரத்தோடு ஒத்துப்போனால் முழுத் தண்ணீரும் ஊஞ்சல் போல ஏறி இறங்கும். மேல் சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியில் அந்த வேலை நாள் முழுக்க ஒட்டுகளின்மேல் விழும். நீர்மட்டம் ஓரத்தில் ஒரு விரல் அளவு ஏறி இறங்கினால் போதும். அதற்குமேல் போனால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைத்து ஒத்திசைவை உடைத்துவிடுங்கள். ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் விட்டுவிட்டு விழுந்து சத்தம் வந்தாலும் அதே வைத்தியம்தான். இரவில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், ஆனால் நிறுத்த வேண்டாம். விளக்கு அணைந்தபின் ஒளிச்சேர்க்கை நின்று எல்லா உயிரும் ஆக்சிஜனை எடுக்கும் நேரம் அது.

உப்புக்காற்று

டிசி வாங்குவதற்கு இன்னொரு நல்ல காரணம் மின்வெட்டு. சிங்கப்பூரில் அபூர்வம்தான், ஆனால் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2016 வர்தாவின்போதும் 2023 மிக்ஜாமின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் முதலில் தீர்வது ஆக்சிஜன். விளக்கும் ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) காத்திருக்கலாம். மேற்பரப்பைக் கலக்கும் ஒரு பம்ப் மட்டும் குறைந்த வேகத்தில் ஓடினால் மீன் பிழைத்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சைன் வேவ்தானா என்று பாருங்கள். சதுர அலை வகையில் ஏசி பம்ப் உறுமும், சூடாகும். டிசி பம்பின் அடாப்டர் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தாது. எந்தப் பம்பை இன்வெர்ட்டரில் மாட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கு மட்டும் தனி சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றாவது வாங்கி வையுங்கள்.

அப்புறம், எந்த ஊராக இருந்தாலும் கேபிள் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கிப் பிறகு ஏறட்டும். கேபிளில் வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் உப்புநீர்த் தொட்டியில் கை வைக்காதீர்கள்.

ஸ்காபரோ ரீஃப்

கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பம்பானாலும் சில மாதத்தில் விசிறியிலும் கூண்டிலும் கோரலைன் பாசியின் சுண்ணாம்பு ஏறும். வெளியில் பார்த்தால் ஓடுவது மாதிரித்தான் இருக்கும், ஆனால் ஓட்டம் குறைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பம்பை எடுத்து, பாதிக்குப் பாதி வினிகரும் தண்ணீரும் கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கோ. சிட்ரிக் அமிலம் என்றாலும் நல்லம். பிறகு கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி வையுங்கோ.

கழற்றும்போது காந்தத்தைக் கட்டாயம் பாருங்கோ. அதன் மேல்பூச்சு வெடித்து, ஊதி, துரு தெரிந்தால் அந்தப் பாகத்தைத் திரும்பத் தொட்டிக்குள் போடவே வேண்டாம். உள்ளிருக்கும் உலோகம் நீரில் கரையத் தொடங்கினால் பவளங்களுக்கும் இறால்களுக்கும் ஆபத்து.

முடிந்தால் விசிறிப் பாகம் ஒன்று உபரியாக வாங்கி வையுங்கோ. ஒன்று வாளியில் ஊறும்போது மற்றது தொட்டியில் ஓடும்.

சிங்கை_அலை

மூழ்கும் வகை டிசி இரண்டு, தலா 7,500 லிட்டர், ஆர்டர் போட்டுவிட்டேன். மணலையும் பகுதி பகுதியாக மாற்றத் தொடங்கியிருக்கிறேன். கடைசியாக ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் பபிள் டிப் அனிமோன் (கடல் சாமந்தி வகை) மேல் ஆசை. இந்த அமைப்பில் வைக்கலாமா?

நெய்தல்

வைக்கலாம், ஆனால் அது வருவதற்கு முன்பே பம்பைத் தயார் செய்யுங்கள். அனிமோன் புது இடத்துக்கு வந்ததும் தனக்குப் பிடித்த இடம் கிடைக்கும் வரை அலையும், பெரும்பாலும் இரவில். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் மாட்டினால் அரைபட்டுவிடும், அதன் சாறு தொட்டி முழுவதையும் கெடுக்கும். பம்பின் கூண்டுக்கு மேல் நுண்ணிய வலைக் கவசமோ ஸ்பாஞ்ச் உறையோ போடுங்கள். பல கம்பெனிகள் தங்கள் பம்புக்கென்றே விற்கின்றன. உறை போட்டால் ஓட்டம் குறையும், கழிவு அடைத்துக்கொள்ளும், அதனால் வாரம் ஒரு தடவை எடுத்துக் கழுவ வேண்டும்.

அனிமோனை வைக்கும் முதல் நாள் அதற்குப் பக்கத்துப் பம்பை நிறுத்திவிட்டு, மற்றதைக் குறைந்த வேகத்தில் மேற்பரப்பைப் பார்த்து ஓட்டுங்கள். அடி கல் இடுக்கில் பற்றிக்கொண்ட பிறகு வேகத்தைத் தினம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அது ஓர் இடத்தில் நிலைத்தபின்னும் உறையை எடுத்துவிடாதீர்கள். பக்கத்துப் பவளம் வளர்ந்து நிழல் விழுந்தாலோ, பம்பின் கோணம் மாறினாலோ மறுபடி நடக்கத் தொடங்கும். டார்ச்சிலிருந்து இரண்டு சாண் தள்ளி வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று கொட்டும்.

பம்ப் வந்ததும் மைசிஸ் சோதனையை இன்னொரு தடவை செய்து, அம்புக்குறி போட்ட படத்தோடு இங்கேயே போடுங்கள். வலப்பக்கம் மான்டிபோரா தட்டுத் தட்டாக விரியும் வகை என்றால் அதன் கீழே நிழலும் நிற்கும் நீரும் சேரும், அந்தக் கோணத்தைப் படம் பார்த்துச் சொல்கிறேன்.